மிட்ஜில் மண்டலத்து உறுப்பினர்

(2025 டிசம்பர் இறுதியில் ஹைதராபாத் தமிழர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2023 டிசம்பர் 7 அன்று இந்த நகரத்து லால் பகதூர் ஸ்டேடியத்தில் தெலங்கானாவின் இரண்டாவது முதலமைச்சராக அனுமுல ரேவந்த் ரெட்டி பதவியேற்றார். அதுவரை அவர் ஒரு நாள்கூட அமைச்சராக இருந்தவரில்லை. மேலவை உறுப்பினர், இரண்டு முறை எம்.எல்.ஏ., ஒரு முறை எம்.பி. என்று அவர் வகித்தவை எல்லாம் அவையில் எழுந்து நின்று பேசும் பதவிகள். கோப்பில் கையெழுத்துப் போடும் பதவி எதுவும் அதில் இல்லை. அந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் முந்தியது, அன்றைய மகபூப்நகர் மாவட்டத்து மிட்ஜில் மண்டலத்திலிருந்து 2006-ல் சுயேச்சையாக வென்ற ஜில்லா பரிஷத் உறுப்பினர் பதவி. இந்த ஊரில் அதை ஜெட்.பி.டி.சி. என்பார்கள்.

மண்டல உறுப்பினர் 17 ஆண்டுகளில் முதலமைச்சர் ஆனார் என்பதை ஆதரவாளர்கள் உழைப்பின் கதையாகச் சொல்கிறார்கள். எதிரணியினர் கட்சி மாறியதைத்தான் நினைவூட்டுகிறார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. அவர் ஏறிய படிகளில் முதல் இரண்டும் உள்ளாட்சி அமைத்துக் கொடுத்தவை. அந்த உள்ளாட்சிக்கு அவர் ஆட்சியில் என்ன ஆயிற்று என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த வாழ்க்கை முழுமையாகப் புரியும்.

முதல் படியிலிருந்து தொடங்கலாம்.

ஆந்திரத்தில் பழைய தாலுகாக்களைக் கலைத்து, சின்னச் சின்ன மண்டலங்களாக ஆக்கியவர் என்.டி. ராமராவ். 1980-களின் நடுவில் அது நடந்தது. மக்கள் நடந்தோ சைக்கிளிலோ போய்ச் சேரும் தூரத்தில் அரசு அலுவலகம் இருக்க வேண்டும் என்பது நோக்கம். 73-வது அரசியல் சட்டத் திருத்தத்துக்குப் பின் வந்த 1994-ம் ஆண்டுச் சட்டம் கிராமப் பஞ்சாயத்து, மண்டல பரிஷத், ஜில்லா பரிஷத் என்று மூன்று அடுக்கை உறுதிசெய்தது. சர்பஞ்ச் எனப்படும் ஊராட்சித் தலைவர் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது. மேல் இரண்டு அடுக்கிலும் உண்டு. ஒரு மண்டலத்துக்கு ஒரு ஜெட்.பி.டி.சி. என்பது கணக்கு. தமிழ்நாட்டு மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினருக்கு ஏறக்குறைய நிகர் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்தப் பதவியின் அதிகாரம் எவ்வளவு? தெலங்கானா கிராமங்கள் வழியாகப் பஸ்ஸில் போகிறவர்கள் ஊருக்கு ஊர் ஒரு பெயர்ப் பலகையைப் பார்த்திருப்பார்கள்: 'ஜில்லா பரிஷத் உயர்நிலைப் பள்ளி'. பலகை ஜில்லா பரிஷத்துடையது. ஆனால் அங்கே வேலை பார்க்கும் ஆசிரியரைத் தேர்வு செய்வதும் இடம் மாற்றுவதும் மாநிலக் கல்வித் துறை. குடிநீருக்கு 'மிஷன் பகீரதா' என்ற மாநிலத் திட்டம் வந்தது. 11-வது அட்டவணையில் 29 துறைகள் ஊராட்சிகளுக்கு உரியவை என்று எழுதியிருக்கிறது. எழுத்தில் இருப்பதில் எவ்வளவு கைக்கு வரும் என்பது அந்தந்த மாநில அரசின் மனசைப் பொறுத்தது. ஆகவே ஒரு ஜெட்.பி.டி.சி. செலவழிக்கும் பணம் சொற்பம். அவருக்குக் கிடைப்பது வேறு: மண்டலம் முழுக்க முக அறிமுகம், மாவட்டக் கூட்டத்தில் கலெக்டர் முன்னால் பேசும் உரிமை, மற்ற மண்டலங்களின் உறுப்பினர்களோடு உட்கார்ந்து டீ குடிக்கும் பழக்கம்.

இந்த டீ குடிக்கும் பழக்கம்தான் அடுத்த படிக்கு முதலாகப் பயன்பட்டது.

ஆந்திர மேலவை 1958 ஜூலையில் தொடங்கியது. என்.டி.ஆர். அதை வீண் செலவு என்று கருதினார். 1985 ஜூன் 1-ல் அது கலைந்தது. 22 ஆண்டு காலம் மாநிலத்தில் மேலவையே இல்லை. காங்கிரஸ் முதலமைச்சர் ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி முயன்று, நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, 2007 மார்ச் இறுதியில் அது மீண்டும் உயிர்பெற்றது. ரேவந்த் ரெட்டி ஜில்லா பரிஷத்தில் நுழைந்து அதற்குள் ஓராண்டுகூட முழுதாக ஆகியிருக்காது.

அரசியல் சட்டத்தின் 171-வது பிரிவின்படி மேலவையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இடங்களுக்கு உள்ளாட்சி உறுப்பினர்களே வாக்காளர்கள். மண்டல உறுப்பினர்கள், ஜில்லா பரிஷத் உறுப்பினர்கள், நகராட்சிக் கவுன்சிலர்கள் வாக்களிப்பார்கள். சர்பஞ்சுக்கு வாக்கு இல்லை. ஒரு மாவட்டத்துக்கே சில நூறு வாக்குகள். தொகுதி எவ்வளவு சுருங்கும் என்பதற்கு இந்த நகரமே சாட்சி. 2025 ஏப்ரலில் ஹைதராபாத் உள்ளாட்சி மேலவைத் தொகுதியில் வாக்காளர்கள் 112 பேர். வாக்களித்தவர்கள் 88 பேர். மஜ்லிஸ் கட்சி 63 வாக்கு பெற்று வென்றது. பாரதிய ஜனதாவுக்கு 25.

சில நூறு வாக்காளர்கள் உள்ள தேர்தலில் பொதுக்கூட்டம் போட வேண்டியதில்லை. ஒவ்வொருவரையும் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிடலாம். அந்த வசதிக்கே ஒரு கெடுதலும் உண்டு: வாக்காளர்களைப் பஸ்ஸில் ஏற்றி வெளியூர் ரிசார்ட்டில் வைத்துத் தேர்தல் நாளில் அழைத்துவரும் வழக்கம். இங்கே அதைக் 'கேம்ப்' என்பார்கள். 2017-ல் கூவத்தூர்ச் செய்திகளைப் படித்த தமிழர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட களத்தில், மாநிலத்தில் காங்கிரஸ் அசைக்க முடியாத பலத்தோடு ஆண்டுகொண்டிருந்தபோது, மகபூப்நகர் உள்ளாட்சித் தொகுதியிலிருந்து ரேவந்த் ரெட்டி சுயேச்சையாக மேலவைக்குப் போனார். சக உறுப்பினர்கள் தங்களில் ஒருவருக்குப் போட்ட வாக்கு அது.

மேலவை 2007-ல் திரும்பி வராமல் போயிருந்தால், எந்தக் கட்சியிலும் இல்லாத ஒரு மண்டல உறுப்பினருக்கு ஹைதராபாத் சட்டமன்ற வளாகத்தின் கதவு அவ்வளவு சீக்கிரம் திறந்திருக்காது. தமிழ்நாட்டில் அந்தக் கதவே இல்லை. 1986 நவம்பர் 1-ல் அங்கே மேலவை கலைந்தது; 2010-ல் மீட்கச் சட்டம் வந்தும் அடுத்த ஆண்டு ஆட்சி மாறியதும் முயற்சி நின்றது. அதனால் உள்ளாட்சியிலிருந்து மேலே வருகிற தமிழ்நாட்டுக்காரர் கட்சியின் கையைப் பிடித்துக்கொண்டே வர வேண்டும். ஓ. பன்னீர்செல்வம் 1996 முதல் 2001 வரை பெரியகுளம் நகராட்சித் தலைவர். 2001 மே மாதம் எம்.எல்.ஏ.; அதே ஆண்டு செப்டம்பரில் முதலமைச்சர். வேகத்தில் ரேவந்த் ரெட்டியை மிஞ்சிய பயணம்தான். ஆனால் ஒவ்வொரு அடியும் கட்சித் தலைமை கைகாட்டிய இடத்தில் வைத்தது. இன்னும் பின்னால் போனால், 1937-ல் சென்னை மாகாணத்தின் பிரதமரான ராஜாஜி அதற்கு 20 ஆண்டு முன்பு சேலம் நகராட்சியின் தலைவர். உலகத்திலும் இது புதிதல்ல. அமெரிக்க அதிபராக இருந்த ஜோ பைடன் 1970-ல் டெலவேர் மாநிலத்து நியூ காசில் கவுண்டி கவுன்சிலில் தொடங்கியவர், இரண்டே ஆண்டில் செனட் தேர்தலில் வென்றார்.

மூன்றாவது படிக்குக் கட்சி தேவைப்பட்டது. ரேவந்த் ரெட்டி சந்திரபாபு நாயுடுவின் தெலுங்கு தேசத்தில் சேர்ந்தார். அவர் பிறந்த கொண்டாரெட்டிப்பள்ளி அச்சம்பேட்டைத் தொகுதியில் இருக்கிறது. அது தனித் தொகுதி. எனவே 2009 தேர்தலில் அவர் நின்றது மாவட்டத்தின் மறுகோடியில், கர்நாடக எல்லையை ஒட்டிய கொடங்கலில். எதிரே நின்ற காங்கிரஸ் வேட்பாளர் குருநாத ரெட்டி ஐந்து முறை அங்கே வென்றவர். வெளியூர்க்காரர், 39 வயது, முதல் சட்டமன்றத் தேர்தல், ஜெயித்தார். 2014-ல் தெலங்கானா பிறப்பதற்குச் சற்று முன் நடந்த தேர்தலிலும் அதே குருநாத ரெட்டியை, இம்முறை சந்திரசேகர ராவின் டி.ஆர்.எஸ். கட்சிச் சின்னத்தில் நின்றவரை, மீண்டும் தோற்கடித்தார்.

அதற்குப் பிறகான பத்தாண்டு எதிர்க்கட்சி வாழ்க்கை. தெலங்கானாவில் தெலுங்கு தேசம் கரைந்துகொண்டே போனது, எம்.எல்.ஏ.க்களில் பெரும்பாலோர் ஆளுங்கட்சிக்குப் போய்விட, மிச்சமிருந்த இரண்டு மூன்று பேருக்கு அவர் தலைவரானார். 2015 மே 31 அன்று லஞ்ச ஒழிப்புத் துறை அவரைக் கைது செய்தது. மேலவைத் தேர்தலில் தெலுங்கு தேச வேட்பாளருக்கு ஆதரவு தேடி நியமன எம்.எல்.ஏ. ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் கொடுக்க முயன்றார் என்பது குற்றச்சாட்டு. அவர் அதை மறுத்தார். ஒரு மாதம் சிறையில் இருந்து ஜாமீனில் வந்தார். வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. சிறிய வாக்காளர் கூட்டத்தைக் கொண்ட மேலவைத் தேர்தல்தான் அவரைச் சட்டமன்ற வளாகத்துக்குள் கொண்டுவந்தது, அவருடைய பொதுவாழ்வின் மிகப் பெரிய நெருக்கடியும் அதே வகைத் தேர்தலிலிருந்தே வந்தது. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

2017 அக்டோபர் கடைசியில் காங்கிரஸுக்கு வந்தார். மறு ஆண்டு கொடங்கலிலேயே டி.ஆர்.எஸ்ஸின் பட்னம் நரேந்தர் ரெட்டியிடம் தோற்றார். அந்தத் தேர்தலுக்குச் சில நாள் முன்பு, அன்றைய முதலமைச்சர் சந்திரசேகர ராவ் கொடங்கல் கூட்டத்துக்கு வர இருந்த நாளில், விடியுமுன் போலீஸ் ரேவந்த் ரெட்டியை வீட்டிலிருந்து தூக்கிச் சென்றது.

அடுத்த ஆறு மாதத்தில் அவருக்கு வாழ்வு கொடுத்தது மல்காஜ்கிரி. இந்த அவையில் இருப்பவர்களில் பலருடைய வாக்கு அந்தத் தொகுதியில்தான். மேட்சல், குத்புல்லாபூர், கூக்கட்பள்ளி, உப்பல், எல்.பி. நகர், மல்காஜ்கிரி, செகந்திராபாத் கன்டோன்மென்ட் என்று ஏழு சட்டமன்றத் தொகுதிகள். 2019-ல் 31 லட்சத்துக்கும் மேல் வாக்காளர்கள். நாட்டிலேயே பெரிய மக்களவைத் தொகுதி. மிட்ஜில் போன்ற சிறு ஊர்ப்புறத்தில் தொடங்கியவர், ரயில்வே குடியிருப்பும் ராணுவக் குடியிருப்பும் தமிழ், மலையாளம், வட இந்திய மொழிகள் பேசும் தெருக்களும் கலந்த நகரத்தில் 10,919 வாக்கு வித்தியாசத்தில் தப்பித்து ஜெயித்தார். 2021 ஜூலையில் மாநிலக் காங்கிரஸ் தலைமை அவருக்கு வந்தது. 2023-ல் 119 இடங்களில் 64-ஐக் காங்கிரஸ் பிடித்தது. அவர் கொடங்கலைத் திரும்ப வென்றார், காமாரெட்டியில் தோற்றார். காமாரெட்டியில் அவரோடு சேர்ந்து சந்திரசேகர ராவும் தோற்றார். வென்றவர் பாரதிய ஜனதாவின் வெங்கடரமண ரெட்டி.

ஆட்சிக்கு வந்த முதல் நாளிலேயே பேகம்பேட்டையில் முதலமைச்சர் முகாம் அலுவலகமான பிரகதி பவன் முன்னால் இருந்த இரும்புத் தடுப்புகளை வெட்டி எடுத்தார்கள். கட்டடத்தின் பெயர் ஜோதிராவ் புலே பிரஜா பவன் ஆயிற்று. மறுநாளே அங்கே மனு வாங்குவது தொடங்கியது. பின்னர் செவ்வாயும் வெள்ளியும் 'பிரஜாவாணி' என்று நாள் குறிக்கப்பட்டது. நில ஆவணம், பென்ஷன், வீடு என்று மனுக்கள். மண்டல அலுவலகத்தில் முடிய வேண்டிய வேலைக்கு ஆதிலாபாதிலிருந்து பஸ் பிடித்துத் தலைநகருக்கு வர வேண்டியிருக்கிறது என்பதற்கு அந்த வரிசையே அத்தாட்சியாக நின்றது.

ஏனென்றால் மண்டலத்தில் மனு வாங்க ஆள் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. 2019-ல் தேர்வான சர்பஞ்சுகளின் பதவிக்காலம் 2024 பிப்ரவரித் தொடக்கத்தில் முடிந்தது. 12,000-க்கும் மேற்பட்ட கிராமப் பஞ்சாயத்துகள் தனி அதிகாரிகளிடம் போயின. அதே ஆண்டு ஜூலையில் மண்டல, ஜில்லா பரிஷத்துகளின் காலமும் முடிந்தது. தேர்தல் இல்லை. பிற்படுத்தப்பட்டோருக்கு உள்ளாட்சியில் 42 சதவீத இடஒதுக்கீடு தருவோம் என்ற வாக்குறுதியை நிறைவேற்றிவிட்டே தேர்தல் என்றது அரசு. வீடு வீடாகச் சாதிக் கணக்கெடுப்பு நடந்தது. 2025 மார்ச்சில் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. செப்டம்பரில் அரசாணை வந்தது. அக்டோபரில் உயர் நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது. இடஒதுக்கீட்டுக் கோரிக்கைக்கு வலுவான நியாயம் உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நியாயத்துக்காகக் காத்திருந்த காலத்தில் பஞ்சாயத்து வாசலில் பூட்டுத் தொங்கியது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் மத்திய நிதிக் குழு மானியம் தேங்கியது. பதவிக் காலத்தில் கைக்காசும் கடனும் போட்டுச் செய்த வேலைகளுக்குப் பில் வரவில்லை என்று முன்னாள் சர்பஞ்சுகள் ஹைதராபாத் வந்து போராடிக் கைதானார்கள்.

இந்தக் காலத்தில் மிட்ஜிலில் 36 வயது சுயேச்சை ஒருவர் இருந்து, ஜெட்.பி.டி.சி.க்கு நிற்க ஆசைப்பட்டிருந்தால், மனு தாக்கல் செய்ய ஒரு தேர்தல் இல்லை. முதலமைச்சர் ஏறிவந்த அந்த வழி அவருடைய ஆட்சியில் அடைபட்டுக் கிடந்தது.

அடைபட்ட வழியின் விலை என்ன என்பது கொடங்கலிலேயே தெரிந்தது. தொகுதிக்கென்று வளர்ச்சி ஆணையம், மருத்துவக் கல்லூரி, நாராயணப்பேட்டை–கொடங்கல் நீரேற்றுத் திட்டம் என்று முதலமைச்சர் அள்ளிக் கொடுத்தார். கூடவே துத்யால் மண்டலத்தில் மருந்து உற்பத்திக்கான தொழில் பகுதிக்கு நிலம் எடுக்கும் திட்டமும் வந்தது. 2024 நவம்பர் 11 அன்று கருத்துக் கேட்கப் போன விகாராபாத் கலெக்டரும் அதிகாரிகளும் லகசெர்லா கிராமத்தில் தாக்கப்பட்டார்கள். விவசாயிகள், அவர்களில் பலர் லம்பாடா பழங்குடியினர், கைதாகிச் சிறை போனார்கள். தேசிய மனித உரிமை ஆணையம்வரை விஷயம் போனது. நவம்பர் முடிவதற்குள் அரசு அந்த அறிவிக்கையைத் திரும்பப் பெற்றது. கை ஓங்கியது குற்றமே. ஆனால் அன்று லகசெர்லாவில் பதவியில் சர்பஞ்ச் இல்லை. துத்யாலுக்கு ஜெட்.பி.டி.சி. இல்லை. நிலம் கொடுக்க மனமில்லை என்பதை ஹைதராபாதில் போய் எடுத்துச் சொல்ல, ஊரார் வாக்குப் போட்டு உள்ளாட்சிக்கு அனுப்பிய ஆள் எவரும் இல்லை. அந்த வேலையின் அருமை தெரிந்த ஒருவரின் சொந்தத் தொகுதியில் இது நடந்தது.

2025 டிசம்பர் 11, 14, 17 தேதிகளில் மூன்று கட்டமாகக் கிராமப் பஞ்சாயத்துத் தேர்தல் ஒருவழியாக நடந்து முடிந்திருக்கிறது, மொத்த ஒதுக்கீடு பழைய 50 சதவீத வரம்புக்குள் நின்று. மண்டல, ஜில்லா பரிஷத் தேர்தல் அப்போதும் நடக்கவில்லை.

தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் இதைக் கேட்டு நம் ஊர் தேவலை என்று நினைத்துவிட முடியாது. அங்கே 2016-ல் நடக்க வேண்டிய ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில் நடந்தது, ஒன்பது மாவட்டங்களில் 2021-ல், நகர்ப்புறத்தில் 2022-ல். 2019-ல் தேர்தல் நடந்த மாவட்டங்களின் ஊராட்சிகள் 2025 ஜனவரியில் மறுபடி தனி அலுவலர் கைக்குப் போயின. சட்டமன்றத் தேர்தலை ஆறு மாதம் தள்ளிப்போட்டால் நாடே கொந்தளிக்கும். பஞ்சாயத்துத் தேர்தலை மூன்று வருடம் தள்ளினால் நாளிதழின் மாவட்டப் பக்கத்தோடு போய்விடுகிறது.

இனி இந்த நகரம். ஹைதராபாத் சட்டமன்ற உறுப்பினர்களின் வரலாற்றைப் புரட்டினால் மாநகராட்சி வழியாக வந்தவர்கள் ஏராளம். மஜ்லிஸ் தலைவர் சுல்தான் சலாஹுத்தீன் ஒவைசி 1960-ல் மாநகராட்சி உறுப்பினர், 1962-ல் எம்.எல்.ஏ., 1984 முதல் 2004 வரை ஹைதராபாத் எம்.பி. இன்றைய நாம்பள்ளி எம்.எல்.ஏ. மாஜித் உசேனும் சார்மினார் எம்.எல்.ஏ. மீர் ஜுல்பிகர் அலியும் முன்னாள் மேயர்கள். கோஷாமகாலின் ராஜா சிங் 2009-ல் மங்கள்ஹாட் கார்ப்பரேட்டராகத் தொடங்கியவர். கன்டோன்மென்டில் 2023-ல் வென்று சில மாதங்களிலேயே சாலை விபத்தில் இறந்துபோன லாஸ்ய நந்திதா அதற்கு முன் காவாடிகூடா கார்ப்பரேட்டர். கட்சி எதுவானாலும், சாக்கடை அடைப்புக்கும் தெருவிளக்குக்கும் போன் எடுத்துப் பேசிப் பழகியவர்கள் இவர்கள்.

அந்தப் பள்ளிக்கூடமும் இப்போது தள்ளாடுகிறது. செகந்திராபாத் கன்டோன்மென்ட் போர்டுக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2015 ஜனவரியில். 2023-ல் தேதி அறிவித்துப் பிறகு ரத்து செய்தார்கள். அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கையில் உள்ளது. மாநில அரசைக் குறை சொல்ல முடியாது. திருமலகிரியிலும் போயின்பள்ளியிலும் போர்டின் எல்லைக்குள் குடியிருக்கும் நண்பர்கள் பத்தாண்டுக்கு மேலாக வார்டு உறுப்பினருக்கு வாக்களிக்கவில்லை. மாநகராட்சியின் ஐந்தாண்டுக் காலம் 2026 பிப்ரவரி வரைதான். நகர நிர்வாகத் துறையை முதலமைச்சரே தம்மிடம் வைத்திருக்கிறார். ஏரி ஆக்கிரமிப்பை இடிக்க 2024 ஜூலையில் 'ஹைட்ரா' அமைப்பை உண்டாக்கியதும், 2025 டிசம்பரில் சுற்றியிருந்த 27 நகராட்சிகளையும் மாநகராட்சிகளையும் ஹைதராபாதோடு இணைத்ததும் அந்தத் துறை வழியாகத்தான். 150 வார்டுகள் இருந்த இடத்தில் 300 ஆயின.

வார்டு எல்லைகளின் வரைவு வெளியாகி, ஆட்சேபம் சொல்ல அவகாசமும் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கானோர் எழுதிப் போட்டிருக்கிறார்கள். ஒரே காலனியை இரண்டாக வெட்டிவிட்டார்கள், எங்கள் பேட்டையின் பெயரே பட்டியலில் இல்லை, ரயில் பாதைக்கு அந்தப் பக்கத்துத் தெருவை இந்த வார்டில் சேர்த்தால் கார்ப்பரேட்டர் வந்து பார்ப்பாரா என்பது போன்ற புகார்கள். இந்த 300 வார்டிலும் தேர்தல் நடந்து ஆட்கள் வரும்போது, அவர்களில் சிலர் பத்து ஆண்டில் சட்டமன்றத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம் இரண்டு கேள்வி கேட்டுவைக்கலாம். வார்டுக்கு ஒதுக்கும் பணத்தில் எதை நீங்களே முடிவு செய்ய முடியும்? நாளை எம்.எல்.ஏ. ஆனால், அடுத்து வரும் கார்ப்பரேட்டருக்கு அந்த அதிகாரத்தில் எதைக் கூட்டிக் கொடுப்பீர்கள்?